ஆள் யாரென்று தெரிந்துவிட்டால் தேடல் எதற்கு? 1973-இல் வந்த ‘ஜாக்கல்’ படமும் 1997-இல் வந்த மறுஆக்கமும்

பள்ளத்தூரான்:

கடந்த ஞாயிற்றுக்கிழமை பங்காளிகள் கூடியிருந்தபோது, பள்ளத்தூரில் எங்கள் வீட்டு வளவில் இரண்டு கல்தூண்களுக்கு நடுவே எட்டு முழ வேட்டியைத் திரையாகக் கட்டி, ‘தி டே ஆஃப் தி ஜாக்கல்’ படத்தையும் அதன் மறுஆக்கமாக 1997-இல் வந்த ‘தி ஜாக்கல்’ படத்தையும் ஒரே இரவில் அடுத்தடுத்துப் பார்த்தோம். முதல் படத்தை மலேசியாவின் ஈப்போவில், நம்மவர்களின் வட்டிக்கடையான கிட்டங்கியில் அடுத்தாளாக (முதலாளின் உதவியாளராக) இருந்த காலத்திலேயே பார்த்துவிட்ட எங்கள் ஐயா, எண்பதைக் கடந்த வயதிலும் 143 நிமிடமும் சாய்வு நாற்காலியில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். இரண்டாவது படத்தில் துப்பாக்கிச் சத்தம் காதைப் பிளந்துகொண்டிருந்தபோது அவர் நன்றாக உறங்கிவிட்டார். அதைச் சொல்லி எல்லோரும் சிரித்தார்கள். எனக்கோ அந்த உறக்கமே சரியான விமர்சனம் என்று தோன்றியது.

மறுஆக்கம் ஏமாற்றம் அளிக்கிறது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் புரூஸ் வில்லிஸின் மாறுவேடங்களையும் ரிச்சர்ட் கியர் பேசும் அயர்லாந்து வழக்கையும் குறை சொல்வார்கள். அவையெல்லாம் மேற்பூச்சில் விழுந்த கீறல்கள். உத்திரத்தையே மாற்றி வைத்ததுதான் பிழை என்பது என் எண்ணம். ஃபிரெட் ஜின்னமன் இயக்கிய படத்தில், பிரெஞ்சு அதிபரைக் கொல்லக் கூலிக்கு அமர்த்தப்பட்ட ‘ஜாக்கல்’ என்னும் கொலைகாரன் யாரென்று காவல் துறையில் ஒருவருக்கும் தெரியாது. எட்வர்ட் ஃபாக்ஸின் முகம் நமக்குத் தெரிந்தாலும், அவனுடைய பெயரும் ஊரும் பிறப்பும் நமக்கும் தெரியாது. பெயர் இல்லாத ஒருவனை, விடுதிகளில் நிரப்பப்படும் பதிவுச் சீட்டுகளையும் கடவுச்சீட்டு விண்ணப்பங்களையும் ஒவ்வொன்றாகப் புரட்டித் தேடுகின்ற வேலையே படத்தின் பாதி. மைக்கேல் கேட்டன்-ஜோன்ஸ் இயக்கிய 1997-ஆம் ஆண்டுப் படமோ, சிறையில் இருக்கும் டெக்லன் மல்குவீன் என்னும் அயர்லாந்துக் குறிசுடுநர் ஒருவருக்கு அவனை ஏற்கெனவே தெரியும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. போதாக்குறைக்கு இருவருக்கும் நடுவே ஒரு பெண்ணும் பழைய பகையும் வேறு. முகம் தெரிந்த ஒருவரைக் கையோடு அழைத்துக்கொண்டு போனபின் துப்பறிவதற்கு என்ன இருக்கிறது?

இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுத வேண்டும் என்றே இழையைத் தொடங்குகிறேன்.

புதுவயல் இளையவன்:

அண்ணே, மாற்றுக் கருத்து கேட்டீர்கள் என்பதால் எழுதுகிறேன். பள்ளி நாள்களில் தொலைக்காட்சியில் நான் முதலில் பார்த்தது 1997-ஆம் ஆண்டுப் படத்தைத்தான், அப்போது எனக்கு அது பிடித்திருந்தது. வில்லிஸ் தன் வழக்கமான குறும்புச் சிரிப்பை அடக்கிக்கொண்டு குறைவாகப் பேசி நடித்திருக்கிறார். சிட்னி பாய்ட்டியர் திரையரங்குகளுக்காக நடித்த கடைசிப் படம் அது, அவருடைய நடைக்காகவே ஒருமுறை பார்க்கலாம். டயான் வெனோரா ஏற்ற ரஷ்ய அதிகாரி வேடத்தைப் பழைய படத்தின் எந்தப் பெண் வேடத்துக்கும் மேலாக நான் மதிக்கிறேன். உலக வசூல் ஏறத்தாழ 16 கோடி டாலர் என்னும்போது, அத்தனை பேரும் உறங்கிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. பனிப்போர் முடிந்து, மாஸ்கோவில் குற்றக் கும்பல்கள் தலையெடுத்த காலத்துக்குக் கதையைக் கொண்டுவரும்போது, விடுதிச் சீட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தால் பார்ப்பவர்கள் எழுந்து போய்விடமாட்டார்களா? பழையதை அப்படியே எடுத்தால் நகல் என்கிறீர்கள், மாற்றி எடுத்தால் துரோகம் என்கிறீர்கள். எடுப்பவர் என்னதான் செய்வார்?

கோட்டையூர் ஆசிரியர்:

இளையவரின் கேள்வி நியாயமானது. அதற்கு விடை காண, முதல் படம் எதன்மேல் நிற்கிறது என்பதைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அல்ஜீரியாவுக்கு விடுதலை அளித்ததற்காக அதிபர் சார்ல் தெகோலைக் கொல்ல முயன்ற இரகசியப் படை அமைப்பு கற்பனை அன்று. 1962 ஆகஸ்ட் 22 அன்று பாரிஸுக்கு அருகே பெத்தி-கிளமார் என்ற இடத்தில் அவருடைய சித்ரோயன் காரின்மீது குண்டுமழை பொழிந்தார்கள். சக்கரக் காற்று இறங்கியும் கார் நிற்காமல் ஓடித் தப்பியது, அதிபருக்கும் உடனிருந்த மனைவிக்கும் சிறு காயம்கூட இல்லை. அந்தத் தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய பஸ்தியான்-திரி 1963 மார்ச் 11 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். இதுவரை வரலாறு. அப்போது ராய்ட்டர்ஸ் செய்தியாளராகப் பாரிஸில் இருந்த ஃபிரெடரிக் ஃபோர்சைத், இதற்குப் பிறகு அந்த அமைப்பு வெளியாள் ஒருவனைக் கூலிக்கு அமர்த்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கற்பனையைத் தொடங்கி எழுதிய நாவல் 1971-இல் வெளிவந்தது.

தெகோல் 1970 நவம்பர் 9 அன்று தம் வீட்டில் இயற்கையாக மறைந்தவர். ஆகவே நாவலைக் கையில் எடுக்கும் ஒவ்வொருவருக்கும், திரையரங்கில் உட்காரும் ஒவ்வொருவருக்கும், கொலை நடக்காது என்பது முன்கூட்டியே தெரியும். முடிவு தெரிந்த கதையில் எப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வைக்கிறார்கள் என்பதுதான் வியப்பு. நம் ஊர்க் கோயில் திடலில் வள்ளி திருமணம் நாடகம் பார்ப்பவர்களுக்கு முருகன் வள்ளியை மணந்துவிடுவான் என்பது தெரியாதா என்ன? தெரிந்தும் விடிய விடிய உட்கார்ந்திருப்பது, தர்க்கத்தில் இன்று யார் எப்படிப் பேசப்போகிறார் என்பதற்காகத்தான். ஜின்னமனும் அதையே செய்தார். ‘என்ன நடக்கும்’ என்பதை ஒதுக்கிவிட்டு, ‘எப்படி’ என்பதில் முழு எடையையும் வைத்தார்.

மறுஆக்கம் அந்த வரலாற்றைக் கழற்றிவிட்டது. கொல்லப்பட வேண்டியவர் அமெரிக்கக் கூட்டாட்சிப் புலனாய்வுத் துறையின் தலைவர் என்று நம்மை எண்ணவைத்து, கடைசியில் அமெரிக்க அதிபரின் மனைவிதான் இலக்கு என்று திருப்புகிறார்கள். முடிவு தெரியாத கதையாக்கினால் பரபரப்பு கூடும் என்பது அவர்கள் போட்ட கணக்கு. ஆனால் இலக்கானவரைப் பற்றி நமக்கு எதுவுமே தெரியாதபோது அவர் பிழைத்தால் என்ன, பிழைக்காவிட்டால் என்ன என்ற அலட்சியம்தான் வருகிறது.

ஆத்தங்குடி கல்லுக்காரர்:

நான் படிப்பாளி அல்லன். ஆத்தங்குடியில் தலைமுறையாகத் தரைக்கல் செய்யும் பட்டறை எங்களுடையது. ஆனால் இந்த முதல் படத்தில் துப்பாக்கி செய்பவரிடம் அவன் போய்ப் பேசும் காட்சியை மட்டும் மூன்று முறை திரும்பப் பார்த்தேன் என்பதால் எழுதுகிறேன்.

சிரில் கியூசாக் நடித்த அந்தத் துப்பாக்கிக் கம்மியர், யாரைக் கொல்லப் போகிறாய் என்று கேட்பதில்லை. எவ்வளவு தூரம், ஆள் நடந்துகொண்டிருப்பாரா நின்றுகொண்டிருப்பாரா, இரண்டாவது முறை சுட வாய்ப்பு உண்டா என்று, மாப்பிள்ளைக்குச் சட்டை தைக்க அளவெடுக்கும் தையல்காரரின் பணிவோடு கேட்கிறார். தொழில் தெரிந்த இருவர் பேசும்போது குரல் உயராது. எங்கள் பட்டறையிலும் அப்படித்தான். கண்ணாடித் துண்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் அச்சை இறக்கி, ஒவ்வொரு அறையிலும் வண்ணக் கலவையைக் கரண்டியால் ஊற்றும்போது யாரும் பேசமாட்டோம். அச்சைத் தூக்கும் அந்த ஒரு நொடியில் கை நடுங்கினால் சிவப்பு மஞ்சளில் ஓடிவிடும். பிறகு உலர்ந்த மணலும் சிமெண்டும் தூவி, மேலே ஈரச் சாந்தை அழுத்தி, தண்ணீர்த் தொட்டியில் ஊறவைத்து எடுத்து வெயிலில் காயவிட்டால், கண்ணாடி தானாக விட்டுக்கொடுக்கும். பளபளப்பு அந்தக் கண்ணாடியிலிருந்து வருவது, மெருகு போட்டதால் வருவதன்று.

அந்தத் தர்ப்பூசணிக் காட்சியும் அப்படிப்பட்டதுதான். ஆளரவம் இல்லாத தோப்பில் பழத்தை வலைப்பையில் இட்டுக் கிளையில் தொங்கவிட்டுச் சுடுகிறான், குறி விலகுகிறது. சிறிய திருப்புளியால் குறிநோக்கியைக் கொஞ்சம் திருப்பிவிட்டு மறுபடி சுடுகிறான். பின்னணி இசையே கிடையாது. கடைசியாக வேறொரு வகைக் குண்டைப் போட்டுச் சுட்டதும் பழம் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. அது ஒரு மனிதரின் தலை என்று யாரும் சொல்லத் தேவையில்லை, வயிற்றைப் பிசைந்துவிடுகிறது.

மறுஆக்கத்தில் என்ன செய்தார்கள் தெரியுமா? முதல் படத்தில் துப்பாக்கி செய்பவர் ஒருவர், மிரட்டிக் கூடுதல் பணம் பறிக்கப் பார்க்கும் போலி ஆவணக்காரர் ஒருவர், தர்ப்பூசணி தனி. இந்த மூன்றையும் ஒரே ஆளாக்கி ஜாக் பிளாக்கிடம் கொடுத்துவிட்டார்கள். கருவி செய்து தருபவரும் அவரே, கூடுதல் பணம் கேட்பவரும் அவரே, சோதனைக்குச் சுடப்படுபவரும் அவரே. கை துண்டாகப் பறக்கிறது. பார்ப்பவர்கள் திடுக்கிடுவார்கள், உண்மைதான். ஆனால் பழம் வெடித்தபோது நாம் மனத்தில் ஒரு தலையை வைத்துப் பார்த்தோமே, அந்த வேலையை இங்கே நமக்குக் கொடுக்கவில்லை.

சென்ற மாதம் ஒருவர் புதிதாகக் கட்டிய வீட்டைக் காட்ட அழைத்துப் போனார். ஆத்தங்குடிக் கல் என்று சொல்லி அவருக்கு விற்றிருந்தது, எங்கள் பூவேலைப்பாட்டை இயந்திரத்தில் அச்சடித்த வழவழப்பு ஓடு. பூ எல்லாம் சரியாகத்தான் இருந்தது, ஒன்றுபோலவே இருந்ததுதான் கோளாறு. அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை, நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் காப்பி குடித்து வந்தேன்.

தேவகோட்டை ஆச்சி:

கல்லுக்காரத் தம்பி எழுதியதைப் படித்துவிட்டு இன்னொரு முறை படம் பார்த்தேன்.

எனக்குப் பிடித்த காட்சி, அவன் கல்லறைத் தோட்டத்தில் நடந்து, சிறு வயதிலேயே இறந்துபோன பால் ஆலிவர் டகன் என்னும் குழந்தையின் பெயரைக் கண்டுபிடித்து, அந்தக் குழந்தையின் பிறப்புச் சான்றிதழை வாங்கி அதைக்கொண்டு கடவுச்சீட்டு எடுப்பது. இது கதைக்காகக் கட்டியதன்று. பிறப்புப் பதிவையும் இறப்புப் பதிவையும் ஒப்பிட்டுப் பார்க்காத ஓட்டை பிரிட்டனில் உண்மையாகவே இருந்தது, நாவல் வந்து பல ஆண்டுகள் ஆகியும் அது அடைபடவில்லை, அந்த வகை மோசடிக்கு நாவலின் பெயரையே வைத்துவிட்டார்கள்.

இதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நம் பக்கத்தில் இப்படி ஒருவன் வந்து, நான் இன்னார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிட முடியுமா? எந்த ஊர் என்பதற்கு அடுத்த கேள்வியே எந்தக் கோயில் என்பதுதான். இளையாற்றங்குடியா, மாத்தூரா, வைரவன்பட்டியா என்று நகரத்தாரின் ஒன்பது கோயிலில் ஒன்றைச் சொன்னால், எந்தப் பிரிவு, யார் வீட்டில் பெண் எடுத்தது என்று கேள்வி நீளும். கல்யாணம் ஆனவுடன் கோயிலில் குடும்பத்துக்கான புள்ளி வரியில் பெயர் ஏறியிருக்கும், இசைகுடிமானம் என்னும் திருமண ஓலையும் எழுதியிருக்கும். அவனைத் தேடும் பிரெஞ்சுக் காவல் அதிகாரி லெபெலுக்குப் பதிலாக எங்கள் அப்பத்தாவைத் திண்ணையில் உட்கார வைத்திருந்தால் வெற்றிலையை மடித்து முடிப்பதற்குள் பிடித்துக் கொடுத்திருப்பார்.

ஆனால் அதனால்தான் அந்தப் படம் நம்மை இவ்வளவு தொந்தரவு செய்கிறது என்று தோன்றுகிறது. யாருக்கும் யாராகவும் இல்லாத ஒருவன். கடைசியில், அவன் என்று எண்ணப்பட்ட சார்ல்ஸ் கால்த்ராப் உயிரோடு தன் வீட்டுக்கு வந்து நிற்கிறான், அப்படியானால் செத்தவன் யார் என்பதற்குப் பதிலே இல்லை. பெயரில்லாத குழியில் புதைக்கிறார்கள், லெபெல் நின்று பார்க்கிறார். வாய்க்கரிசி போட ஒரு பங்காளிகூட இல்லாத சாவு. மறுஆக்கத்திலும் பெயரில்லாத கல்லறை உண்டு. ஆனால் அங்கே நிற்கும் மல்குவீனுக்கு அவனோடு பழைய கணக்கு இருக்கிறதே! பகையாளியும் ஒரு வகையில் உறவுதான். அநாதைப் பிணம் என்ற உறுத்தல் அங்கே வரவில்லை.

இளையவருக்கு ஒன்று. பெண் வேடங்களைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. டெல்ஃபின் செரிக் எவ்வளவு பெரிய நடிகை, அவருக்குக் கொடுத்தது ஒருவனை நம்பிக் கெடும் சீமாட்டி வேடம். அமைச்சரவைச் செய்திகளைக் கறந்து அனுப்பும் பெண்ணுக்கும் முகம் காட்டுவதைத் தவிரப் பெரிய வேலை இல்லை. நல்ல படம் என்பதற்காக அதை நாம் மறைக்க வேண்டியதில்லை.

கானாடுகாத்தான் கணக்கர்:

வரவு செலவை யாரும் பார்க்கவில்லையே. முதல் படத்தில் கூலி 5 லட்சம் டாலர், பாதி முன்பணம், மீதி காரியம் முடிந்தபின். அந்தப் பணத்தைத் திரட்ட அமைப்பினர் வங்கிகளைக் கொள்ளையடிக்க வேண்டியிருக்கிறது, ஆகவே அந்தத் தொகையின் கனம் நமக்குத் தெரிகிறது. மறுஆக்கத்தில் கூலி 7 கோடி டாலர், கும்பல் தலைவன் கண்ணை இமைக்காமல் ஒப்புக்கொள்கிறான். எங்கிருந்து வந்தது என்று காட்டாத பணத்துக்குப் பேரேட்டில் மதிப்பில்லை.

செலவும் அப்படியே. முதல் படத்தின் துப்பாக்கி ஊன்றுகோலின் குழாய்களுக்குள் அடங்குவது, ஒவ்வொரு முறையும் ஒரே குண்டைக் கையால் இட வேண்டும். 1963 ஆகஸ்ட் 25 அன்று, ஒற்றைக்கால் முன்னாள் வீரனாக வேடமிட்டு நுழைந்து அவன் சுடும்போது, பதக்கம் குத்திய முதியவரை முத்தமிட அதிபர் தலையைக் குனிகிறார், குண்டு தவறுகிறது. ஒரே ஒரு குனிவு! மறுஆக்கத்தில் வண்டிக்குள் வைத்துத் தொலைவிலிருந்து இயக்கும் கனரகத் துப்பாக்கி நூற்றுக்கணக்கில் குண்டுகளைக் கொட்டியும் குறித்த ஆள் பிழைத்துக்கொள்கிறார். அத்தனை முதலுக்கு இந்த வருமானமா என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.

புதுவயல் இளையவன்:

எல்லோருமாகச் சேர்ந்து என்னை ஆலையில் போட்ட நெல்லாக்கிவிட்டீர்கள், உமி பறந்துவிட்டது. முன்னுரையிலேயே ஆள் அடையாளத்தைக் கொடுத்துவிட்டார்கள் என்ற அண்ணனின் வாதத்தை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் என் முதல் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. காலத்தையும் இடத்தையும் மாற்றி இந்தக் கதையைச் சரியாக எடுக்கவே முடியாதா?

பள்ளத்தூரான்:

முடியும், எடுத்தும் காட்டியிருக்கிறார்கள். 1988-இல் மலையாளத்தில் எஸ்.என். சுவாமி எழுதி, சிபி மலயில் இயக்கி, மம்மூட்டி நடித்த ‘ஆகஸ்ட் 1’ படம் இதே கதையின் எலும்புக்கூட்டை எடுத்துக்கொண்டது. இலக்கு கேரள முதலமைச்சர், கொலையாளி வேடம் கேப்டன் ராஜுவுடையது, துப்பறிபவர் பெருமாள் என்னும் காவல் அதிகாரி. பணமும் பெரிய அரங்கங்களும் அவர்களிடம் கிடையாது. இருந்தும், இந்தப் பக்கம் ஒருவன் ஆயத்தம் செய்ய, அந்தப் பக்கம் ஒருவர் தேட, இருவரும் சந்திக்காமலே நெருங்கி வருகிறார்கள் என்ற உத்திரத்தில் அவர்கள் கை வைக்கவில்லை. பிரான்ஸைக் கழற்றிவிட்டுக் கேரளத்தைப் பூட்டினார்கள், வீடு நிற்கிறது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் வீதியில் பழைய வீட்டுத் தேக்குத் தூண்களைக் கழற்றிக்கொண்டுவந்து விற்கிறார்களே, அதை வாங்கிப் போய் உணவு விடுதி வாசலில் நிறுத்தினால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் மேலே பாரம் எதுவும் இருக்காது. 1997-ஆம் ஆண்டுப் படத்தில் மாறுவேடங்களும், காருக்கு வண்ணம் மாற்றும் காட்சியும், ஆயுதச் சோதனையும் அந்தத் தூண்களைப்போல நிற்கின்றன.

இன்னொரு செய்தியையும் சொல்லிவிடுகிறேன். மறுஆக்கத்துக்கு முழுப் பெயரையும் வைக்கக் கூடாது என்று ஜின்னமனே எதிர்த்தார், ஃபோர்சைத்தும் தம் பெயரைச் சேர்க்க விரும்பவில்லை. அதனால்தான் ‘நாள்’ போய், நரி மட்டும் தலைப்பில் மிஞ்சியது. படம் திரைக்கு வருமுன்பே, 1997 மார்ச்சில், ஜின்னமன் காலமானார்.

கோட்டையூர் ஆசிரியர்:

தலைப்பைப் பற்றிப் பேச்சு வந்ததால் ஒரு வரி. பிரெஞ்சு மொழியில் நரியினத்துக்கு ‘ஷக்கால்’ (chacal) என்று பெயர், அதன் எழுத்துகளைப் பாருங்கள். சார்ல்ஸ் (Charles) என்பதன் முதல் மூன்று எழுத்துகளையும் கால்த்ராப் (Calthrop) என்பதன் முதல் மூன்று எழுத்துகளையும் சேர்த்தால் அந்தச் சொல் வந்துவிடும். இதை வைத்துத்தான் பிரிட்டிஷ் காவல் துறையினர் ஆளைப் பிடித்துவிட்டதாக நம்புகிறார்கள். அறிவுக்கூர்மை என்று நாம் மெச்சிய அந்தக் கண்டுபிடிப்பு வெறும் தற்செயல் என்பது கடைசிக் காட்சியில்தான் வெளிப்படுகிறது. தவறான நூலைப் பிடித்துக்கொண்டு சரியான ஆளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். மறுஆக்கத்தில் அது வெறும் பட்டப்பெயர்.

புதுவயல் இளையவன்:

நேற்று இரவு ஆலையில் கடைசி லாரி போனபின் அலுவலக அறையில் உட்கார்ந்து பழைய படத்தை மறுபடி ஓட்டினேன். லெபெலாக நடித்த மைக்கேல் லான்ஸ்டேலை முதல் முறை நான் கவனிக்கவே இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அமைச்சர்கள் கூடிய அவையில், ஒட்டுக்கேட்ட தொலைபேசிப் பேச்சின் ஒலிநாடாவைப் போட்டுக் காட்டி, செய்தி கசிந்த வீடு எது என்பதை லெபெல் வெளிப்படுத்துகிறார். எந்தத் தொலைபேசியை ஒட்டுக்கேட்பது என்று எப்படித் தெரிந்தது என்று பிறகு கேட்கும்போது, தெரியாததால் எல்லோருடையதையும் ஒட்டுக்கேட்டேன் என்கிறார். முகத்தில் பெருமையோ குறும்போ இல்லை. தூக்கமில்லாத கண்களோடு, ஏதோ தவறு செய்துவிட்டவர்போல நிற்கிறார்.

கடைசியில் மாடி அறைக் கதவு திறக்கும்போது, அத்தனை நாள் ஒருவரை ஒருவர் தேடியும் ஏய்த்தும் வந்த இருவரும் அப்போதுதான் முதன்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். நான் அந்த இடத்தில் படத்தை நிறுத்தி நேரத்தைப் பார்த்தேன், முடிய இன்னும் சில நிமிடங்களே இருந்தன.

அண்ணே, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ‘ஆகஸ்ட் 1’ போடுவதாக இருந்தால் சொல்லுங்கள், ஆலையிலிருந்து நேராக வந்துவிடுகிறேன். ஐயா உறங்குகிறாரா இல்லையா என்று பார்த்துவிட வேண்டும்.